கார்த்திகைக்குப் பின் வரும் மழை

"கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை" என்பது தமிழ்நாட்டுக் குடியானவர்களிடையே வெகு காலமாக வழங்கிவரும் பழமொழி. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அடைமழை பெய்து, மார்கழி பிறந்ததும் வானம் வெளுத்து, பனி இறங்கி, தையில் கதிர் முற்றி அறுவடையாவதே ஒழுங்கான பருவம் என்று முன்னோர் அநுபவத்தால் கண்டனர். சம்பாவுக்கு நாற்று விடும் நாளும், தாளடி நடும் நாளும், உளுந்து பயறு தெளிக்கும் நாளும், களம் செப்பனிடும் நாளும் இந்த ஒழுங்கை நம்பியே ஏற்பட்டவை.

பெரும்பாலான வருஷங்களில் இப்பழமொழி பொய்ப்பதில்லை. ஆனால் அது பொய்க்கும் வருஷத்தில் நேரும் நஷ்டம் மற்றெல்லா நஷ்டங்களினும் கொடியது. நாற்றங்காலில் பயிர் அழிந்தால் விதையும் சில நாட்களும் மட்டுமே போகும், மறுபடியும் விதைக்கலாம். கதிர் முற்றிய பின் மழையில் சாய்ந்தாலோ, உழவு, விதை, நடவு, எரு, களையெடுப்பு ஆகிய எல்லாச் செலவும் செய்து முடிந்த பிறகு, வருமானம் கைக்கு எட்டும் தறுவாயில் போய்விடுகிறது. ஆகையால் மார்கழி, தை, மாசி மாதங்களில் பருவம் எவ்விதம் தவறுகிறது, அது ஒவ்வொரு பிரதேசத்திலும் எவ்வுருவில் வருகிறது, அதற்கு என்ன முன்னேற்பாடு செய்யலாம் என்பவற்றைப் பயிரிடுவோரும் கிராம அதிகாரிகளும் தெரிந்திருத்தல் அவசியம்.

1. பருவம் தவறும் விதம்

தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் முடியப் பெய்யும் வடகிழக்குப் பருவமழையின் சராசரி சுமார் 440 மில்லிமீட்டர். வருஷ மழையில் ஏறக்குறைய பாதி இதுவே. டிசம்பர் நடுவிற்குப் பின் மழைமேகங்கள் தெற்கே இலங்கைக்கும் பூமத்திய ரேகைக்கும் அருகே நகர்ந்துவிட, வடக்கிலிருந்து வறண்ட குளிர்காற்று தரைவழியாக வீசத் தொடங்குகிறது. அப்பொழுது வானம் தெளிந்து, பகலில் வெயிலும் இரவில் பனியுமாக இருக்கும். ஜனவரி மாதச் சராசரி மழை ஓர் அரை அங்குலம் அளவே.

இவ்வொழுங்கு நான்கு விதமாகத் தவறுகிறது. மழையே பெய்யாது போதல் ஒன்று. பெய்ய வேண்டிய காலம் முடிந்தும் ஓயாது பெய்தல் இரண்டு. மழை குறைந்த பிரதேசத்தில் ஒரே நாளில் வருஷ மழை முழுவதும் கொட்டிவிடுதல் மூன்று. குளிர் அளவுக்கு மிஞ்சுதல் நான்கு.

முதல் வகைக்கு 2016-ஆம் வருஷம் உதாரணம். அவ்வருஷம் வடகிழக்குப் பருவத்தில் 168 மில்லிமீட்டர் மழையே கிடைத்தது. இது சராசரிக்கு நூற்றுக்கு 62 பங்கு குறைவு. காவேரி டெல்டாவில் சம்பாப் பயிர் கதிர் வாங்கும் முன்பே காய்ந்தது. 2017 ஜனவரியில் மாநிலத்திலிருந்த 32 ஜில்லாக்களும் வறட்சிப் பகுதிகள் என அரசாங்கம் அறிவித்தது. இரண்டாம் வகைக்கு 2021 ஜனவரி உதாரணம். அம்மாதத்தில் வழக்கமான அளவைப்போல் பத்து மடங்குக்குக் குறையாத மழை பெய்தது. பருவமழை விலகியதாக வானிலை இலாகா அறிவித்தது ஜனவரி 19-ஆம் தேதியன்றுதான். அதாவது பொங்கல் கழிந்து ஐந்து நாட்களுக்குப் பின்.

வெப்பம் ஒரு டிகிரி சென்டிகிரேடு ஏறினால் காற்று நூற்றுக்கு 7 பங்கு அளவு அதிக நீராவியைத் தாங்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட உண்மை. கடலும் காற்றும் முன்னிலும் வெப்பமாகியுள்ள இக்காலத்தில், ஒரு நாளில் பெய்யும் மழை முன்னிலும் வலுத்திருப்பதற்கு இது முக்கியக் காரணமாகும். ஆகவே, பருவம் தவறுவதை என்றோ ஒருமுறை நேரும் விபத்தாக மட்டும் எண்ணியிராமல், சாகுபடித் திட்டத்திலேயே அதற்கு இடம் வைத்தல் வேண்டும்.

2. மழையின் அளவும் பயிரின் வயதும்

மழை இத்தனை அங்குலம் பெய்தது என்பதைக்கொண்டு மாத்திரம் அதனால் விளையும் நன்மை தீமையை அறிய இயலாது. ஒரே மழை பக்கத்துப் பக்கத்து வயல்களில் வெவ்வேறு பலன் தரும். அப்பொழுது பயிர் எந்தப் பருவத்தில் இருக்கிறது என்பதே பலனை நிர்ணயிக்கும்.

தூர் கட்டும் பருவத்திலுள்ள நெற்பயிர், தண்ணீர் சில நாட்களில் வடிந்துவிடுமாயின், கனமழையையும் பொறுத்துக்கொள்ளும். சி.ஆர். 1009 சப் 1 என்ற ரகம் இப்பருவத்தில் ஏறக்குறைய இரண்டு வாரம் மூழ்கியிருந்தும் பிழைக்கும் தன்மையுடையது. பூக்கும் பருவத்தில் அவ்வாறில்லை. நெற்பூ பெரும்பாலும் முற்பகலில் மலர்கிறது. அந்நேரத்தில் மழை அடித்தால் மகரந்தம் கழுவுண்டு, மணி பிடிக்காமல் பதர் மிகுகிறது. பால் பிடிக்கும் பருவத்தில் பயிர் சாய்ந்தால் மணி முழுதும் நிரம்பாமல் கருக்காயாகும். முற்றிய பருவத்தில் சாய்ந்து தண்ணீரில் கிடந்தால் நெல் கதிரிலேயே முளை விடும். முளை விடாதது நிறம் மாறி, அரைக்கும்போது நொய்யாகும்.

ஆதலால் ஒவ்வொரு பண்ணையிலும் இரண்டு கணக்குகள் வேண்டும். ஒன்று மழைக்கணக்கு, மற்றொன்று விதைத்த தேதியிலிருந்து எண்ணப்படும் பயிரின் வயதுக்கணக்கு. 155 நாள் ரகத்தை ஆகஸ்டு நடுவில் விதைத்தால் அறுவடை ஜனவரி நடுவில் வரும்; செப்டம்பர் நடுவில் விதைத்தால் பிப்ரவரி நடுவில் வரும். வாய்க்காலில் தண்ணீர் தாமதமாக வந்த வருஷத்தில், விதைப்பு பிந்தியதை மறந்து அதே நீண்ட வயது ரகத்தையே விதைப்பவர், பூக்கும் காலத்தைத் தாமே மார்கழிக் குளிரிலும் தை மழையிலும் கொண்டுபோய் நிறுத்துகின்றனர். அத்தகைய வருஷத்தில் 135 நாள் அளவுள்ள மத்திய வயது ரகத்திற்கு மாறுதல் நன்று. மேலும், நிலம் முழுவதையும் ஒரே ரகத்துக்கும் ஒரே நாளுக்கும் ஒப்படைக்காமல், இரண்டு பங்காக்கி இரு வயதுடைய ரகங்களைச் சாகுபடி செய்தால், எந்த வாரத்தில் மழை வந்தாலும் ஒரு பங்காவது தப்பும்.

3. காவேரி டெல்டா

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஜில்லாக்களில் தை மாதமே அறுவடை மாதம். 2021 ஜனவரி மழை பொங்கலையொட்டிப் பெய்தபடியால், முற்றிய சம்பாக் கதிர்கள் பல இடங்களில் சாய்ந்து முளை விட்டன. இரண்டு வருஷங்களுக்குப் பின், வங்காள விரிகுடாவில் உண்டான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் 2023 பிப்ரவரி 2-ஆம் தேதி இலங்கையின் கிழக்குக் கரையைக் கடந்தது. பிப்ரவரியில் அத்தகைய மண்டலம் அவ்விடம் வருவது மிக அபூர்வம். அதனால் டெல்டாவில் பெய்த மழையில் அறுவடைக்கு நின்ற சம்பாவும் தாளடியும் சேதமுற்றதோடு, நெல்லின் தாளுக்கிடையே தெளிக்கப்பட்டிருந்த உளுந்தும் பயறும் அழுகின.

அவ்வருஷம் அரசாங்கம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதமடைந்த நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. மறுமுறை தெளிப்பதற்கு ஏக்கருக்கு 8 கிலோ பயறு விதையைப் பாதி விலையில் கொடுக்கவும் ஏற்பாடாயிற்று. கொள்முதல் நிலையங்களில் நெல்லின் ஈரப்பதம் நூற்றுக்கு 17-க்கு மேற்படலாகாது என்பது விதி. மத்திய அரசாங்கம் அதனை அவ்வறுவடைக்கு மட்டும் 20 வரை தளர்த்தியது. இத்தளர்வுகள் சேதம் நேர்ந்த பின்னரே வருவன; ஒவ்வொரு வருஷமும் வரும் என்று எதிர்பார்த்திருப்பது தகாது.

டெல்டாவில் செய்யத் தக்க முன்னேற்பாடுகள் பின்வருமாறு:

முதலாவது, வடிகால். பாசன வாய்க்காலைத் தூர் வாரும் சிரத்தை வடிகாலுக்குக் காட்டப்படுவதில்லை. கடைமடைப் பகுதிகளில் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்துக்கொண்ட வடிகாலில் தண்ணீர் ஓடாது. தனியொருவர் தம் வயல் மடையை வெட்டிவிட்டால் தண்ணீர் அடுத்தவர் வயலில் தேங்குமேயன்றி வடியாது. ஆகையால் ஒரு வடிகாலில் பங்குள்ள மிராசுதாரர்கள் அனைவரும் கார்த்திகை முடிவதற்குள் அதைக் கூட்டாகச் சுத்தம் செய்துகொள்ளுதல் வேண்டும்.

இரண்டாவது, தண்ணீர் நிறுத்தல். அறுவடைக்குப் பத்து நாள் முன்னதாகவே வயலை வடித்து நிலத்தை இறுக விட்டால், பின்னர் மழை வந்தாலும் பயிர் வேரோடு சாய்வது குறையும். தழைச்சத்து உரத்தை மிதமிஞ்சி இட்ட பயிர் உயர்ந்து வளர்ந்து எளிதில் சாயும் என்பதும் நினைவில் இருத்தற்குரியது.

மூன்றாவது, அறுவடை. மணிகளில் நூற்றுக்கு எண்பது பங்கு பழுத்ததும் அறுக்கலாம். முழுதும் காயட்டும் என்று வானிலை எச்சரிக்கை வந்த பின்னும் காத்திருப்பது நஷ்டத்தை விலைகொடுத்து வாங்குவதாகும். ஈர நிலத்தில் டயர் வைத்த இயந்திரம் புதையுமாதலால், பெல்ட் வைத்த அறுவடை இயந்திரத்திற்கு முன்கூட்டியே சொல்லி வைத்தல் நலம். ஈர நெல்லை அம்பாரமாகக் குவித்துத் தார்ப்பாயால் இறுக மூடினால் உட்சூடு ஏறி ஒரே இரவில் பழுப்பாகும். மழை விட்ட நேரமெல்லாம் மெல்லிய படலமாகப் பரப்பிக் கிளறிக் கொடுத்தல் வேண்டும்.

நான்காவது, பயறு. உளுந்தும் பயறும் டெல்டாவில் பெரும்பாலும் நிலத்தில் எஞ்சிய ஈரத்தையும் பனியையும் கொண்டே விளைகின்றன. அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு, மண் மெழுகுப் பதமாக இருக்கும்போது ஏக்கருக்கு 12 கிலோ வரை தெளிப்பது முறை. சேறு தண்ணீராக இருக்கையில் தெளித்த விதை அழுகும். காய்ந்து வெடித்த பின் தெளித்த விதை முளைக்காது. மழை எச்சரிக்கை இருக்குமாயின் தெளிப்பதைச் சில நாள் ஒத்திவைத்து, ஒரு பகுதி விதையை மறு தெளிப்புக்குக் கையிருப்பாக வைத்தல் உசிதம்.

மழை விட்டபின் வரும் பனியிலும் ஓர் ஆபத்து உண்டு. மூட்டமான பகலும், 20 டிகிரியை ஒட்டிய இரவுக் குளிரும், இலைமேல் நெடுநேரம் நிற்கும் பனிநீரும் குலைநோய் பரவுவதற்கு ஏற்றவை. கதிரின் கழுத்துக் கறுத்து ஒடிந்தபின் மருந்து பயன்படாது. இலையில் கண் வடிவப் புள்ளிகள் தோன்றிய உடனேயே வேளாண் விரிவாக்க மையத்தில் காட்டி ஆலோசனை பெறுதல் வேண்டும்.

4. தாமிரபரணியும் கரிசல் நிலமும்

டெல்டாவில் மழை நாட்பட நீடித்துக் கெடுத்தது. தெற்கே அது ஒரே நாளில் கெடுத்தது. 2023 டிசம்பர் 17-ஆம் தேதி, மார்கழி முதல் நாள். அன்றும் மறுநாள் காலை வரையிலும் தூத்துக்குடி ஜில்லாவின் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டரும், திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டரும், ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டரும் மழை பதிவாயிற்று. அந்த ஜில்லாவின் ஆண்டுச் சராசரியே சுமார் 65 சென்டிமீட்டர்தான். புயல் எதுவும் கரையைக் கடக்கவில்லை. குமரிக் கடலின் மேல் நின்ற காற்றுச் சுழற்சியே இம்மழைக்குக் காரணம்.

ஓர் அங்குல மழை ஓர் ஏக்கரில் நின்றால் அது ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர் தண்ணீராகும். அக்கணக்குப்படி காயல்பட்டினத்தில் அன்று ஒவ்வோர் ஏக்கர் மீதும் 38 லட்சம் லிட்டர் விழுந்தது. கண்மாய்கள் பல உடைந்தன. தாமிரபரணிக் கரையில் இளம் பிசானப் பயிரும் வாழையும் மூழ்கின. பல வயல்களில் மணல் மேடிட்டது. கோவில்பட்டியைச் சுற்றிய கரிசல் மானாவாரியில் உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், வெங்காயம் ஆகியவை தண்ணீரில் நின்று வேரழுகின.

கரிசல் மண் ஈரத்தை நெடுநாள் பிடித்து வைப்பது. அதனாலேயே மானாவாரிக்கு உகந்தது. அக்குணமே அதிக மழையில் தோஷமாகிறது. தண்ணீர் மேலே வடிந்த பின்னும் உள்ளே காற்றோட்டமின்றி வேர் மூச்சடைத்து மடியும். சரிவுக்குக் குறுக்கே அகலப் பாத்தியும் இடையிடையே சாலும் அமைத்து விதைப்பவர், மழை குறைந்த வருஷத்தில் ஈரத்தைக் காக்கலாம். மிகுந்த வருஷத்தில் அச்சால் வழியே தண்ணீரை வடித்துவிடலாம். வறண்ட பிரதேசத்திற்கு வடிகால் எதற்கு என்ற எண்ணம் 2023-க்குப் பின் நிலைக்கத் தக்கதன்று.

கண்மாய்களைப் பொறுத்தவரை, கரை பெரும்பாலும் உடைவது மறுகால் போகும் வழி அடைபட்டிருப்பதாலேயே. கலிங்கின் முன் முட்செடி வளர்ந்தும், மறுகால் ஓடையில் ஆக்கிரமிப்பு நேர்ந்தும் இருந்தால், நிரம்பிய தண்ணீர் கரையின் தாழ்ந்த இடத்தைத் தேடும். பல வருஷம் நிரம்பாத கண்மாயிலேயே இந்த அபாயம் அதிகம்; ஏனெனில் அங்கே மறுகாலைப் பார்த்தவரே இரார். புரட்டாசிக்குள் கலிங்கையும் மறுகால் ஓடையையும் நேரில் நடந்து பார்த்து, குறையை நீர்வள இலாகாவுக்கோ ஒன்றியத்துக்கோ எழுத்து மூலம் தெரிவிப்பது கிராமத்தின் கடமை.

5. வட மேற்கு ஜில்லாக்கள்

கடற்கரைக்குத் தொலைவிலுள்ள கிருஷ்ணகிரி, தருமபுரி ஜில்லாக்கள் புயல் மழைக்கு அப்பாற்பட்டவை என்ற எண்ணமும் உண்டு. 2024 நவம்பர் 30-ஆம் தேதி புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல், தரையில் வலுக் குறைந்த பின் மேற்கே நகர்ந்து, டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பெய்வித்தது. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஒரே நாளில் வந்ததாயிற்று. தென்பெண்ணை வெள்ளம் கீழேயுள்ள ஜில்லாக்களையும் பாதித்தது.

இப்பிரதேசத்தில் பனிக்கால மழையால் முக்கியமாகப் பாதிக்கப்படுவது மா. மாமரம் பூப்பதற்கு மழையற்ற, குளிர்ந்த, தெளிந்த சில வாரங்கள் வேண்டும். கார்த்திகை மழை மார்கழியிலும் நீடித்தால் கிளை நுனியில் பூங்கொத்துக்குப் பதில் தளிர் விடும். பூத்தபின் தூறலும் மூட்டமும் நேர்ந்தால் தத்துப்பூச்சியும், சாம்பல் நோயும், பூக்கருகலும் தோன்றிப் பிஞ்சு உதிரும். மழைக்காலம் தொடங்கியபின் தழைச்சத்து உரம் இடாமலும், பூக்கும் முன் பாசனம் செய்யாமலும், நெருங்கிய கிளைகளை அறுவடை முடிந்த உடனே கழித்து வெளிச்சம் உட்புகச் செய்தும் வைத்தால் இத்தீங்குகள் குறையும்.

6. நீலகிரி

மலையின்மேல் நேரும் தீங்கு மழையினால் அன்று. மழை இல்லாத தெளிந்த இரவினால். வானம் தெளிந்து காற்று அசையாத இரவில் நிலம் தன் சூட்டை வானத்தை நோக்கி இழக்கிறது. குளிர்ந்த காற்று கனமுடையதாதலால் தண்ணீரைப்போல் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. உதகமண்டலத்தைச் சார்ந்த தலைக்குந்தா, காந்தல் முதலிய தாழ்ந்த இடங்களில் உறைபனி அதிகம் காணப்படுவதும், அடுத்த மேட்டில் அது இல்லாதிருப்பதும் இதனாலேயே. ஆளுயரத்தில் வைத்த வெப்பமானி இரண்டு மூன்று டிகிரி காட்டும்போதே புல்மட்டத்தில் நீர் உறைந்திருக்கும். ஆகவே வெப்பமானியை மாத்திரம் நம்பியிருத்தல் கூடாது.

வடகிழக்குப் பருவமழை நீடித்து மூட்டம் இருக்கும் வருஷத்தில் உறைபனி பிந்தி வரும். அது தாமதமாக வந்தால் தீங்கு குறையும் என எண்ணலாகாது; மழையால் துளிர்த்த இளம் தேயிலைக் கொழுந்தே பனியில் முதலில் கருகும். உறைந்த இலையின்மேல் காலை வெயில் நேராகப் படும்போது கருகல் மிகுதியாகிறது. ஆகையால் சூரியோதயத்துக்கு முன் தெளிப்பான் மூலம் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிடுதலும், இளஞ்செடிகளைப் பெரணித் தழையாலோ உலர்ந்த புல்லாலோ மாலையிலேயே மூடி வைத்தலும் அங்கே கையாளப்படும் முறைகள். பள்ளத்தாக்கின் அடியில் புதிதாகத் தேயிலை நடாமல், அங்கே பனி கழிந்தபின் விதைக்கும் காய்கறிப் பயிருக்கு இடம் விடுதல் நலம்.

7. கால்நடைகள்

சமவெளியில் குளிரால் மாடு மடியாது என்பது பொதுவான நம்பிக்கை. 2022 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு மாமல்லபுரத்தின் அருகே மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது. அதனையொட்டிய நாட்களில் இலங்கையின் வடக்கு, கிழக்கு மாகாணங்களில், தமிழ்க் குடியானவர்கள் மிகுந்த முல்லைத்தீவு, கிளிநொச்சி, திருகோணமலை முதலிய ஜில்லாக்களில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் குளிரால் மடிந்தன. அங்கே குளிர் உறைபனி அளவுக்குப் போகவில்லை. திறந்த வெளியில் நின்று, மழையில் நனைந்து, காற்றில் விறைத்ததே காரணம். நனைந்த உடலிலிருந்து காற்று சூட்டை விரைவில் கொண்டுபோய்விடும்; பட்டினியும் சேர்ந்தால் இளங்கன்றும் மெலிந்த மாடும் தாங்கமாட்டா.

மார்கழி பிறக்கும் முன்பே தொழுவத்தின் வடபுறத்தையும் கீழ்புறத்தையும் சாக்காலோ கீற்றாலோ அடைத்து, தரையில் உலர்ந்த வைக்கோல் பரப்பி, நான்கு நாளுக்கேனும் உலர்தீவனம் மழை படாத இடத்தில் சேமித்து வைத்தல் வேண்டும். திறந்த பட்டியில் ஆடு மாடு அடைப்போர், எச்சரிக்கை வந்தவுடன் அவற்றை மேட்டுப்பாங்கான மறைவிடத்துக்கு ஓட்டிச் செல்லுதல் அவசியம்.

8. கிராம அதிகாரிகளின் பங்கு

பயிர் அழிவதனால் குடியானவருக்கு நேரும் நஷ்டம் ஒன்று. அழிந்த பயிர் சரியாகக் கணக்கில் ஏறாததனால் நேரும் நஷ்டம் மற்றொன்று. முதலாவதை வானம் செய்கிறது. இரண்டாவதை மனிதர் தவிர்க்கலாம்.

இயற்கைச் சேதத்தில் நூற்றுக்கு 33 பங்கும் அதற்கு மேலும் நஷ்டமான பயிருக்கே நிவாரணம் உண்டு. 2015 வரை இவ்வரம்பு 50 பங்காக இருந்தது. 33 என்பதைக் கண்ணளவில் சொல்ல இயலாது. வயலில் இறங்கி, சாய்ந்த பகுதியையும் முளைத்த கதிரையும் பார்த்தே குறித்தல் வேண்டும். தண்ணீர் வடிந்து பத்து நாள் சென்றபின் பச்சையாக நிற்கும் பயிர் தூரத்துப் பார்வைக்கு நன்றாயிருக்கும். கதிரைப் பிரித்தால் பாதி பதராயிருக்கும். ஆகவே பூக்கும் பருவத்தில் மழை அடித்த வயல்களை இரண்டாம் முறையும் பார்வையிடுதல் நியாயம்.

அடங்கலில் சர்வே எண்ணுக்கு நேரே பயிரும், விதைத்த தேதியும், உண்மையில் பயிரிடுவோர் பெயரும் அவ்வப்போது பதிவாகியிருத்தல் வேண்டும். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடுபவரின் பெயர் எங்கும் இல்லாவிடில், செலவு செய்தவர் ஒருவரும் நிவாரணம் பெறுபவர் வேறொருவருமாக முடியும். இதனைத் தவிர்ப்பதில் நிலச்சொந்தக்காரருக்கும் பொறுப்பு உண்டு. சம்பாப் பயிருக்குக் காப்பீட்டுப் பதிவு வழக்கமாக நவம்பர் நடுவோடு முடிகிறது. அதற்குக் கிராம நிர்வாக அதிகாரியின் சான்று தேவையாதலால், கேட்டவர்க்கு அதைத் தாமதமின்றி அளித்தல் அவசியம்.

2016-ல் தொடங்கிய பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின்படி, அறுத்து வயலில் உலரப் போட்ட நெல், அறுவடையிலிருந்து 14 நாட்களுக்குள் பருவம் தவறிய மழையால் கெட்டால், அதற்கும் ஈடு கோரலாம். ஆனால் சேதம் நேர்ந்த 72 மணி நேரத்திற்குள் தெரிவித்தல் வேண்டும். இந்த மூன்று நாள் கெடுவை அறியாமல் உரிமை இழந்தவர் பலர். கிராமச் சாவடியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் இதை எழுதி ஒட்டி வைத்தல் பேருபகாரமாகும்.

மழைமானி இருக்கும் கிராமத்தில் அன்றாடம் காலை 8-30 மணிக்கு அளவைக் குறித்து, அதன் எதிரே அவ்வூர்ப் பயிரின் பருவத்தையும் ஒரு வரியில் எழுதி வந்தால், சில வருஷங்களில் அது அவ்வூருக்கே உரிய பஞ்சாங்கமாக அமையும். செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும் வேளாண் வானிலை அறிக்கையை அக்குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்தால், விதைக்கும் நாளையும் ரகத்தையும் நிச்சயிப்பதற்கு அதைவிடச் சிறந்த துணை இராது.

முடிவு

முன்னோர் பழமொழி பொய்யென்று தள்ளத் தக்கதன்று. பல வருஷங்களுக்கு அது இன்னும் மெய்யே. ஆனால் அது வழக்கத்தைச் சொல்வதேயன்றி உறுதிமொழி அன்று. புரட்டாசியில் வடிகாலையும் மறுகாலையும் பார்த்து, விதைத்த தேதியைக் குறித்து, நிலத்தை இரு ரகமாகப் பிரித்து, கார்த்திகையில் தொழுவத்தை அடைத்து, மார்கழியில் களத்தையும் தார்ப்பாயையும் ஆயத்தமாக வைத்திருக்கும் குடியானவருக்கு, பருவம் ஒழுங்காக நடந்தால் இவ்வேற்பாடுகளால் சிறிது உழைப்பே செலவு. பருவம் தவறினால், வருஷம் முழுவதும் பட்ட பாட்டின் பலனில் பெரும்பகுதி கைக்கு வந்து சேரும்.